மொட்டைக்கு ஒரு சாமி மாடு

ஜனவரி 19, ஞாயிறு

காலமெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்தவன், ஓய்வு பெற்று ஊரில் உட்காரலாம் என்று வந்தால் உட்கார விடமாட்டேன் என்கிறார்கள். இன்று பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்த கூட்டத்தில் என்னைக் குருவன்மடு பாறு பாதுகாப்புக் குழுவின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். என்ன தகுதி என்று கேட்டேன். குரல் பெரிது, வேலை கிடையாது என்றார்கள். இரண்டையும் மறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் புலிகள் காப்பகத்தின் விளிம்பில், மாயாற்றங்கரையில் இருக்கிறது. புலி பார்க்கக் காரில் வருகிறவர்கள் எங்களை ஒரு வேகத்தடையாகத்தான் அறிவார்கள். இப்போது பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகால் எங்களுக்கு மரியாதை வந்திருக்கிறது. நாட்டிலேயே சொற்பமாக மிஞ்சியிருக்கிற பறவையாம். ஆற்றுக்கு அக்கரையில் நீர்மத்தி மரத்து உச்சியில் ஒரு ஜோடி கூடு கட்டி, ஒரே ஒரு முட்டையிட்டு, அதுவும் பொரித்துவிட்டதாம். வருடத்துக்கு ஒன்றுதானாம், அதற்கு மேல் கிடையாது.

இதையெல்லாம் விளக்கியவர் வனவர் எப்சிபா. நாசரேத்துப் பக்கத்துப் பெண், என் மகள் வயதிருக்கும். என்னை அண்ணாச்சி என்கிறார். எங்கள் பக்கம் மளிகைக்கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்.

"அண்ணாச்சி, நீங்க தெனமும் இக்கரையில இருந்து கூட்டப் பாக்கணும். தாயும் தகப்பனும் வருதா, இரை கொண்டுவருதா, அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற வேலைக்கு நான் பொருத்தமானவன்தான். பைனாகுலரும் இந்த டைரியும் கொடுத்தார். கூட்டைப் பற்றிக் குறிப்பதற்கு அவர்களிடம் தனிப் படிவம் இருக்கிறது. ஆகவே டைரியில் என் இஷ்டம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

குஞ்சைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பிய்ந்த தலையணையிலிருந்து பஞ்சு வெளியே வந்ததுபோல ஒரு உருவம், அதன் மேல் ஒரு மூக்கு. தாயும் தகப்பனும் முறை வைத்து வருகிறார்கள். வயிற்றில் கொண்டுவந்ததை அதன் வாயில் கக்குகிறார்கள். சாப்பிட்டு எழுந்த கையோடு இதை எழுதியிருக்கக் கூடாது.

ஊரில் அதற்கு மொட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரெல்லாம் வைக்கக் கூடாது, பாசம் வந்துவிடும் என்றார் எப்சிபா. அந்த முகத்துக்குப் பாசம் வரும் அபாயம் இல்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

என் மனைவி பாவாயி பைனாகுலரைத் தொட மாட்டேன் என்கிறாள். "பொணந்தின்னிக்குக் காவலு இருக்கத்தான் பென்சன் வாங்கீட்டு வந்தீங்களாக்கு" என்று கேட்டாள். அவளுக்கு அவளுடைய சடையன் போதும். சடையன் மாரியம்மன் கோயில் காளை. பிறந்த அன்றே தாய் செத்துப்போய், பாவாயிதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்து, பிறகு ஆத்தாளுக்கு என்று நேர்ந்து விட்டாள். அவன் பெயருக்குத்தான் சாமி மாடு. விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நிற்பான், இவள் கம்மங்கூழ் கரைத்து ஊற்றுவாள். நான் ஊர் ஊராக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் பேச்சுத்துணைக்கு இருந்தவன் அவன்தான் என்பாள். சடையனை அவன், இவன் என்றுதான் சொல்வாள். நான் வந்தால் மட்டும், "அது வந்திருச்சு, அப்பறம் பேசறேன்" என்று போனை வைப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீதி வீதியாகப் பிரசாரம். மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் பாறுகளுக்கு எமன். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால், சிறுநீரகம் கெட்டுக் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சில நாளில் விழுந்துவிடும். ஒரு மாட்டை ஒரு கூட்டமே தின்பதால் கூட்டமே காலி. மாட்டுக்கு அதைப் போடக் கூடாது என்று தடை வந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் மனிதருக்கான ஊசியை மருந்துக்கடையில் வாங்கி மாட்டுக்குக் குத்துகிறவர்கள் உண்டு. பாறுக்குக் கெடுதல் செய்யாத வேறு மருந்து மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் செய்தி.

பழைய குரல் இன்னும் இருக்கிறது. "ஊசி போட்ட மாடு யாராச்சும் வெச்சிருந்தா முன்னாடியே சொல்லீருங்க, அப்பறம் செக்கிங் வந்தா நான் பொறுப்பில்ல" என்று கூவினேன். ஜனங்கள் சிரித்தார்கள். பாவாயியும் பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். என் பேச்சை அவள் முழுதாகக் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு நாடகம். நான் தலைமைப் பாறு. ஒப்பனைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை தலையைத் தூக்கவில்லை.

தகப்பன் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தது. மொட்டை அலகைத் திறந்து திறந்து மூடியது. அதுவும் இல்லை இதுவும் இல்லை என்பதுபோல் தகப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு வாரமாக இப்படித்தான் நடக்கிறது.

காரணம் ஊருக்கே தெரியும். முன்பெல்லாம் மாடு செத்தால் ஊருக்கு வெளியே கழுகுப்பாறைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போடுவார்கள். இப்போது எந்த மாடும் ஊரில் சாவதில்லை. கிழடு தட்டியதும் லாரி ஏறிவிடுகிறது. காட்டில் புலி அடித்ததில் மிஞ்சுவதைப் பங்கு போட நாயும் பன்றியும் இருக்கின்றன. மருந்தில் தப்பியது பசியில் போகப்போகிறது.

மாட்டை விற்காதீர்கள் என்று நான் யாரிடம் சொல்வது? லாரிக்காரன் கொடுப்பதைக் கழுகு கொடுக்குமா?

எனக்கு மனசு சரியில்லை. பிய்ந்த தலையணைக்காக ஒரு மனிதனுக்குச் சோறு இறங்காமல் போவது கேவலம். பாவாயியிடம் வயிறு சரியில்லை என்று சொன்னேன். கஷாயம் கொடுத்தாள், குடித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சடையன் ஓடைச் சரிவில் விழுந்துவிட்டான். இடுப்பு போய்விட்டது. எட்டுப் பேர் சேர்ந்து கயிறு கட்டித் தூக்கிக் கோயில் வேப்பமரத்தடியில் கிடத்தினோம். எழுந்திருக்க மாட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாட்டு டாக்டர் வந்தார். வயசு ஆகிவிட்டது, எலும்பு கூடாது, வலி குறையும், அவ்வளவுதான் என்று நல்ல ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். சடையன் கத்துவது மூன்று வீதிக்குக் கேட்கிறது. பாவாயி கோயிலிலேயே கிடக்கிறாள். எனக்குச் சோறு போட்டாளா என்று அவளுக்கும் ஞாபகமில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 12, புதன்

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்நாளில் வந்த நல்ல யோசனைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது கட்டைவிரல்.

சடையன் எப்படியும் போய்விடுவான். அவனைக் கழுகுப்பாறையில் வைத்தால் மொட்டையின் குடும்பத்துக்கும் அதன் சுற்றத்துக்கும் நல்ல சாப்பாடு. டாக்டர் போட்டது பாறுக்கு ஆகாத ஊசி இல்லை. சுத்தமான மாடு.

பூசாரி குப்பணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். "ஏனுங் கண்டக்டரு, சாமி மாட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, கோடித்துணி போத்தி, கோயலு எல்லையில பொதைக்கறது வழக்கம். அதையக் கொண்டுபோயி பொணந்தின்னிக்குப் போடச் சொல்றீங்களே, உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்னுங்க இருக்குது?"

"பாறும் ஆத்தா படைச்சதுதானுங்க."

"கொசுவும் ஆத்தா படைச்சதுதான். அதுக்குக் கையக் காட்டிக்கிட்டா ஒக்காந்திருக்கறீங்க?"

நல்ல கேள்விதான். ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்றேன். பூக்கேட்பது என்றால் குப்பணன் மறுக்க முடியாது. அது அவருடைய துறை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பாவாயி கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். "அவன் இன்னும் சாகுல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் பாறைக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போனேன்.

மார்ச் 14, வெள்ளி

பூக்கேட்டாயிற்று.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மன் சிலையின் தலையில் ஈரமாக ஒரு பூவை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் சம்மதம், இடது பக்கம் விழுந்தால் இல்லை. கல்யாணம், கிணறு வெட்டுவது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் எங்கள் ஊரில் இப்படித்தான் முடிவாகும். ஆத்தா அவசரப்பட மாட்டாள். என் தங்கை கல்யாணத்துக்குக் கேட்டபோது மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டார்கள்.

காலையிலிருந்து ஊரே கோயிலில் உட்கார்ந்திருந்தது. வெள்ளை அரளி. அசையவில்லை. வெளியே சடையன் கத்துவது கேட்டுக்கொண்டேயிருந்தது. ஜனங்கள் விசிறிக்கொண்டார்கள், ஒரு குழந்தை மயங்குவதுபோல் ஆயிற்று. கோயிலில் உபயமாக வந்த பெடஸ்டல் ஃபேன் ஒன்று சும்மா நின்றது. இப்படிப் புழுங்குகிறதே, போட்டால் என்ன என்றேன். போட்டார்கள். ஃபேன் அம்மனுக்கு இடப்பக்கம் இருந்தது. அதை அங்கே வைத்தது நான் இல்லை. சற்றுத் திருப்பிவைத்தது மட்டும் நான். குழந்தைக்குக் காற்று வேண்டுமே.

பூ வலது பக்கம் விழுந்தது.

குப்பணன் வெகுநேரம் அந்தப் பூவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆத்தா சம்மதிச்சுட்டா" என்று தழுதழுத்தார். ஜனங்கள் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். எப்சிபாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். பிறகு, "மாரியம்மனுக்கும்தான் அண்ணாச்சி" என்று சேர்த்துக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

பாவாயிக்கு முழங்கால் வலியாம். காலையில் பஸ் ஏறிச் சத்தியமங்கலம் போய் மருந்துக்கடையில் ஊசி மருந்து வாங்கிவந்திருக்கிறாள். போட்டுவிட ஆள் வேண்டாமா என்றேன். பால் சொசைட்டி டாக்டரோடு திரிந்த காலத்தில் எத்தனை மாட்டுக்குப் போட்டிருக்கிறேன், எனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியாதா என்றாள். அவள் கெட்டிக்காரி.

மார்ச் 19, புதன்

பாவாயியின் முழங்கால் அதிசயமான முழங்கால். காலையில் ஊசி, மாலையில் ஊசி. நடுவில் கூழ்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏறி இறங்குகிறாள், நொண்டக்கூட இல்லை. இந்த வயதில் ஊசியைக் கண்டால் மனதுக்கு ஒரு தெம்பு வருமாம், சிலருக்கு அப்படி.

சடையனும் கத்துவதை நிறுத்திவிட்டான். தலையைப் பாவாயியின் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறான். நல்ல மருந்து மெதுவாகத்தான் கேட்கும் என்று நான் பிரசாரத்தில் சொன்னது பலித்துவிட்டது. இதை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

கூட்டில் இன்றும் இரை இல்லை. பொறுத்துக்கொள் மொட்டை.

மார்ச் 22, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கை இன்னும் வலிக்கிறது. கல் எறிந்த கை.

நேற்று விடியும்போது சடையன் போய்விட்டான். வெள்ளிக்கிழமை, சாமி மாட்டுக்கு ஏற்ற நாள் என்று எல்லாரும் சொன்னார்கள். மஞ்சள்தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, டிராக்டரில் ஏற்றி, மேளத்தோடு கழுகுப்பாறைக்குக் கொண்டுபோனோம். குப்பணன் முன்னால் வந்தார், முகம் மட்டும் சரியில்லை. நான் டிராக்டரில் நின்றுகொண்டு வந்தேன். நிற்பது எனக்குப் பழக்கம்.

பாறை நடுவில் கிடத்தி, மாலையை எடுத்துவிட்டு, எல்லாரும் தள்ளி மரநிழலுக்கு வந்துவிட்டோம். ஆள் பக்கத்தில் இருந்தால் பாறு இறங்காது. வானத்தில் ஒன்று தெரிந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ணமுடியவில்லை. இத்தனை இருக்கின்றன என்று எப்சிபாவுக்கே தெரியாது. அவர் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாவாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை.

"ஏனுங்க, அந்த ஊசி போட்டா எத்தன நாளைக்கு ஒடம்புல நிக்கும்?"

"மூணு நாலு நாளு நிக்குமாம்."

"மனுசங்க ஊசியா இருந்தா?"

"எல்லாம் ஒரே சரக்குதான். பிரசாரத்துலயே சொன்னனே, நீ கேட்டியே."

"கேட்டனுங்க" என்றாள்.

அப்போது முதல் பாறு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. தத்தித் தத்திப் போய்ச் சடையனின் தொடையில் ஒன்று அலகை வைத்தது.

பாவாயி எழுந்து ஓடினாள். அந்த முழங்காலோடு அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. கொண்டை அவிழ்ந்தது, முந்தானையைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டு, "போ, போ, திங்காத" என்று கத்திக்கொண்டே பாறையில் ஏறினாள். பாறுகள் பதறி எழும்பின. அவள் சடையன் மேல் விழுந்து கையை விரித்துக்கொண்டாள்.

எங்கள் ஜனங்களுக்குக் கூந்தலை விரித்துக்கொண்டு ஒரு பெண் ஓடினால் ஒரே அர்த்தம்தான். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே சாமி அடிக்கு மாறினார்கள். குப்பணன் திருநீற்றுத் தட்டோடு ஓடினார். அவர் முகத்தில் இப்போதுதான் உயிர் வந்தது. ஊரே பாறையைச் சுற்றிக் கைகூப்பி நின்றது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். ஓடுகிற ஓட்டத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. முழங்கால். ஊசி. சடையன் கத்துவதை நிறுத்தியது. ஊரெல்லாம் போய் நல்ல மருந்தின் மகிமையைச் சொல்லிவந்த செயலாளர். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

குப்பணன் அவள் நெற்றியில் திருநீறு வைத்து, சாமி வந்தவர்களைக் கேட்கும் முறையில் கேட்டார். "வந்திருக்கறது யாரு தாயி? யாருன்னு சொல்லு."

எனக்கு வாழ்நாளின் இரண்டாவது நல்ல யோசனை வந்தது. குனிந்து அவள் காதில் சொன்னேன். "மாரியாத்தான்னு சொல்லீரு புள்ள. என்ற மாட்டை எனக்குப் பொதைங்கடான்னு சொல்லீரு. முடிஞ்சுபோச்சு."

சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். சடையனுக்குக் குழி, பாறுகளுக்கு உயிர், குப்பணனுக்கு நிம்மதி. அவள் பெயரும் கெடாது. பெரிய ஏமாற்றும் இல்லை, ஊரில் பாதிப் பேர் ஆத்தா பெயரில் அவரவர் காரியத்தைச் சொல்லிக்கொள்கிறவர்கள்தான்.

பாவாயி என்னைப் பார்த்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"பாவாயிங்க" என்றாள். "கண்டக்டரு பொண்டாட்டி பாவாயி. ஆத்தாளும் வருல, யாரும் வருல."

மேளம் நின்றுவிட்டது.

"நாந்தானுங்க இவனுக்கு ஊசி போட்டேன். திங்கக்கெழமை இருந்து போட்டேன். மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தெரியும். இவரு வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் போட்டேன். ஆனா இவன் கத்துனான். நீங்கெல்லாம் கோயலுக்குள்ள பூவப் பாத்துட்டு ஒக்காந்திருந்தீங்க, இவன் வெளிய கத்திட்டுக் கெடந்தான். இவனுக்கு அம்மா நாந்தானுங்க. என்னால கேக்க முடியல."

அவளே மறுபடியும் சொன்னாள். "இவனப் பாறு தின்னா அத்தனையும் செத்துப்போயிருமாம். என்னைய என்ன பண்றதோ அப்பறம் பண்ணுங்க. இப்பக் கல்லெடுங்க."

பாறுகள் மறுபடியும் இறங்கப் பார்த்தன. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவை, சாப்பாட்டைக் கண்ணால் கண்டுவிட்டுச் சும்மா போகுமா. ஊரே கல்லெடுத்தது. மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டு அடித்தார்கள். எப்சிபா டிராக்டர் மேல் ஏறித் தொப்பியைச் சுழற்றினார். குப்பணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டி கொண்டுவர ஆள் அனுப்பினார். பொக்லைன் வரும்வரை காத்திருக்காமல் அவரே தோண்டத் தொடங்கினார். ஆக, பாறு பாதுகாப்புக் குழுவின் முதல் பெரிய நடவடிக்கை, பாறுகளைப் பொழுது சாயும்வரை கல்லால் அடித்து விரட்டியதுதான். எறியும்போது ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆழக் குழி தோண்டிச் சடையனைப் புதைத்தோம். கோடித்துணியைப் பாவாயிதான் போர்த்தினாள், யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது குப்பணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங், அப்பறம் ஆத்தா எதுக்குச் சம்மதம் குடுத்தா?"

வானத்தைப் பார்த்தேன். ஃபேனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லையே.

மார்ச் 23, ஞாயிறு

எப்சிபா வீட்டுக்கு வந்தார். அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது என்றார். "அக்கா, ஒங்க பேரையும் எழுதணும். எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"எழுதுங்கம்மிணி. பேரச் சரியா எழுதுங்க, அது போதும்" என்று பாவாயி அவருக்குக் காப்பி போடப் போனாள்.

முதலில் இறங்கிய இரண்டில் ஒன்று கொஞ்சம் தின்றுவிட்டது. அது எது, எங்கிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூட்டுக்கு இன்று ஒரு பாறுதான் வந்தது.

மார்ச் 24, திங்கள்

ஒன்றுதான் வந்தது.

பாவாயி கேட்காமலே பைனாகுலரை என் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் போகும்வரை அதைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை.

மார்ச் 26, புதன்

மொட்டையின் தகப்பனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அல்லது தாயை. பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம். ஆற்றோரமாகக் கீழே தள்ளி ஒரு மரக்கிளையில் செத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு எடுத்துப் போகச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். பாவாயி பார்க்க வேண்டும் என்றாள். சாக்கை விலக்கினார்கள்.

பக்கத்தில் பார்த்தால் எவ்வளவு பெரிய பறவை. இறகெல்லாம் சுத்தமாக இருந்தது. தின்றுவிட்டுக் குளிக்கும் பறவை என்று எப்சிபா எப்போதோ சொல்லியிருந்தார். நான் அதை யாருக்கும் சொன்னதில்லை, பிணந்தின்னி என்று சொன்னால்தான் சிரிப்பார்கள்.

வனக்காவலர் ஒருவர், பாவம், அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னார். "எந்த மாட்டத் தின்னுச்சோ, எங்க தின்னுச்சோ, யாருக்குங்கம்மா தெரியும். யாரோட ஊசியோ."

"என்னோடதுங்க" என்றாள் பாவாயி.

அந்த யோசனையும் பூவும் டிராக்டரும் யாருடையவை? நான் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊர்க்கூட்டம். பாவாயியை என்ன செய்வது என்று காலையிலிருந்து பேசினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் குப்பணன் எழுந்தார். "சாமி வந்திருக்குதுன்னு ஊரே கும்பிட்டுட்டு நிக்கையில, இல்லீங்க நான் பாவாயின்னு சொன்ன பொம்பளய நான் இதுக்கு முன்னால பாத்ததில்ல. பாறுக் குழுவுக்கு இந்தம்மாளப் போடுங்க. கண்டக்டரு குரலு பெருசுதான், வேற ஒன்னும் இல்ல."

கைதட்டினார்கள். செயலாளர் பதவி பறிபோனது. எனக்குத் துணைச் செயலாளர் என்று ஒரு பதவியைப் புதிதாக உண்டாக்கினார்கள். டைரி மட்டும் என்னிடம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

புதிய செயலாளரின் நிர்வாகம் கடுமையானது. எந்த வீட்டில் எந்த மாடு சீக்காக இருக்கிறது என்று இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. போய்த் தொழுவத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "என்ன ஊசி போட்டீங்க? என்ற கண்ணப் பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். அவளிடம் யாரும் பொய் சொல்வதில்லை. சொல்ல வாயெடுத்தவர்களும் பாதியில் மாற்றிக்கொள்கிறார்கள். கூடவே மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வலிக்கு நல்ல ஊசி தினமும் இரண்டு வேளை வந்து போட வேண்டும், ஒரு தரம் போட்டுவிட்டுப் போனால் மாடு கத்தும், மாடு கத்தினால் ஜனங்கள் மருந்துக்கடைக்குப் போவார்கள் என்று டாக்டரிடம் சண்டை பிடித்தாள். இப்போது ஆள் வருகிறது.

குப்பணனின் எருது வயசாகிச் செத்தது. லாரிக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டுப் போன எருது. பாறையில் வைத்தார்கள். பாறுகள் இறங்கியபோது பாவாயி கண்ணை மூடவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, "இத்தன அசிங்கமாவா திங்கும்" என்றாள்.

சாயங்காலம் மொட்டைக்கு வயிறு நிறைந்து, கழுத்தடி புடைத்துக் கிடந்தது. ஒற்றையாளாக வளர்க்கிற பாறு பக்கத்தில் கண்ணயர்ந்தது.

மே 4, ஞாயிறு

மொட்டை பறந்துவிட்டது.

பறந்தது என்பது கொஞ்சம் மரியாதையான சொல். கூட்டின் விளிம்பில் நின்று காலையெல்லாம் இறக்கையை விரித்து விரித்து மடக்கியது. பிறகு தவறி விழுந்தது. கீழ்க்கிளையில் மோதி, அதைப் பிடித்துத் தொங்கி, திட்டுவதுபோல் ஏதோ சத்தம் போட்டு, விட்டுவிட்டது. ஆற்றுக்கு மேலே வந்தபோதுதான் தனக்கு இறக்கை இருப்பது அதற்கே ஞாபகம் வந்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டு, எங்கள் தலைக்கு மேலே நிழலாகப் போயிற்று. ஊரே கரையில் நின்று கைதட்டியது. எப்சிபா அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பாவாயி கைதட்டவில்லை. நெற்றியில் கை வைத்து, அது புள்ளியாகும்வரை பார்த்தாள்.

எனக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நல்ல வார்த்தையாக வரவும் செய்தது. ஒன்று போனாலும் ஒன்று வந்துவிட்டது புள்ள, கணக்குச் சரியாகிவிட்டது, இன்றைக்கு டைரியில் இப்படித்தான் எழுதப்போகிறேன் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சரியாயிருச்சுன்னு எழுதாதீங்க."

எழுதவில்லை.